கணையத்தின் அரிய கட்டிகள்: கரிசல் ஊரிலிருந்து நுண்ணோக்கி வரை

கணையத்தில் தோன்றும் புற்றுகளில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு ஒரே வகையைச் சேர்ந்தவை. கணைய நாளத்தின் உட்படலத்திலிருந்து எழும் நாளப் புற்று அது. அதை ஒதுக்கிவிட்டால் எஞ்சுபவை அரிய கட்டிகள். போலிக்காம்புக் கட்டி, நரம்பு நாளமில் கட்டி, நொதிச் செல் புற்று, குழந்தைகளுக்கு வரும் கணையக் கருநிலைக் கட்டி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஸ்கேன் படத்தில் இவை பல நேரம் ஒன்றுபோலத் தெரியும். நோயின் போக்கிலோ இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஒன்று அறுவையோடு தீர்ந்துபோகும். இன்னொன்றோடு பல ஆண்டு வாழலாம். மற்றொன்று சில மாதங்களில் உயிரைக் கொண்டுபோகும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வது, நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் ஒரு துண்டுத் திசு.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, சாத்தூர் என்று விரியும் கரிசல் வட்டாரத்தில் இந்தச் சோதனைக்கு வழங்கும் பெயர் 'சதை டெஸ்ட்'. "சதை எடுத்து அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் வரணும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பம் காத்திருக்கும் அந்தச் சில நாட்களில் ஆய்வகத்தில் நடப்பவற்றையும், அந்த முடிவு ஏன் சில சமயம் தவறிப்போகிறது என்பதையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

உறுப்பும் அதன் செல்களும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் கணையம் சுமார் 15 செ.மீ. நீளமும் 100 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உள்ளது. தலைப்பகுதி சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும்; வால்பகுதி மண்ணீரலைத் தொடும். ஆழத்தில் இருப்பதால் கட்டி முளைத்தாலும் வெளியே தெரிய நாளாகும். மேல்வயிற்று வலி, முதுகுக்குப் பாயும் வலி, பசியின்மை, மெலிவு ஆகியவை முதலில் 'வாயு' என்றும் 'அல்சர்' என்றும் கொள்ளப்பட்டு, மாத்திரையில் காலம் கழிவது எங்கும் நடப்பதுதான்.

இந்த உறுப்பில் மூன்று வகைச் செல்கள் முக்கியம். உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பவை நொதிச் செல்கள். கணையத்தின் பெரும்பகுதி இவைதாம். அந்த நொதிகளைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் இருப்பவை நாளச் செல்கள். இவற்றுக்கு நடுவே தீவுகள்போலச் சிதறிக் கிடந்து, இன்சுலின் முதலியவற்றை நேரே ரத்தத்தில் கலப்பவை திட்டுச் செல்கள். 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டில் இந்தத் திட்டுகளை முதன்முதலாக விவரித்தார். அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்கே அப்போது தெரியாது. கட்டியைப் பெயரிடும்போது நோயியல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, இந்தச் செல்கள் மூன்றில் எதன் சாயலில் இருக்கின்றன என்பது. எந்தச் சாயலிலும் அடங்காத ஒரு கட்டியும் உண்டு. இக்கட்டுரையில் மிகுந்த இடம் பெறுவது அதுவே.

சதை புறப்படும் இடம்

கோவில்பட்டியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. கணையக் கட்டி என்று ஐயம் எழுந்தால் நோயாளி பெரும்பாலும் தெற்கே திருநெல்வேலிக்கோ, கிழக்கே தூத்துக்குடிக்கோ, வடக்கே மதுரைக்கோ போகிறார். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும், மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி 2000இலும் தொடங்கப்பட்டவை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் எட்டுபவை. மதுரை சுமார் 100 கி.மீ. தொலைவு. பெரிய அறுவைக்குச் சென்னை, வேலூர் வரை போவோரும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு இத்தகைய அறுவைக்கு ஏழைக் குடும்பங்கள் தயங்காமல் போக முடிகிறது.

திசுவை எடுக்க இரண்டு வழிகள். வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள ஸ்கேனின் துணையோடு இரைப்பைச் சுவரின் ஊடே மெல்லிய ஊசியைக் கணையத்துக்குள் இறக்கிச் செல்களை உறிஞ்சுவது ஒன்று. அறுவையில் கட்டியையே அகற்றி முழுதாக அனுப்புவது மற்றொன்று. ஊசியில் வருவது சில துளிகளும் நூலிழை போன்ற சில துணுக்குகளும்தான். அவற்றில் ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது.

எந்த வழியில் எடுத்தாலும், எடுத்த திசுவை உடனே பார்மலினில் இட வேண்டும். மற்ற உறுப்புகளைவிடக் கணையத்துக்கு இந்த அவசரம் அதிகம். புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதிகள் அதன் செல்களுக்குள்ளேயே இருப்பதால், ரத்த ஓட்டம் நின்றதும் அது தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு கணையத் துண்டு அறுவை அரங்கின் மேசையிலேயே இரண்டு மணி நேரம் கிடந்தால், பிறகு எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் அவர் பார்ப்பது கரைந்துபோன செல்களின் நிழலைத்தான். திசுவின் கன அளவைப்போலப் பத்து மடங்கு பார்மலின் வேண்டும் என்பது விதி. நடைமுறையில் வாய் குறுகிய சிறு பாட்டிலுக்குள் பெரிய கட்டியைத் திணித்து, மேலே இரண்டு விரற்கடை திரவம் ஊற்றி அனுப்புவதும், பார்மலினுக்குப் பதில் உப்புநீரில் போட்டு அனுப்புவதும் நடக்கின்றன. அப்படி வரும் கட்டியின் வெளிப்புறம் பதமாகியிருக்கும், நடுப்பகுதி அழுகியிருக்கும். பெரிய கட்டியை வாளி போன்ற அகன்ற பாத்திரத்தில் இட்டு, நடுவில் ஒரு கீறல் கீறி, திரவம் உள்ளே போக விட வேண்டும். அறுவை முடித்த மருத்துவரின் கையிலிருக்கும் இந்த ஐந்து நிமிட வேலை, பின்னால் ஆயிரக்கணக்கில் செலவாகும் சோதனைகளுக்கெல்லாம் அடிப்படை.

சாயமும் இம்யூனோவும்

பார்மலினில் பதமான திசுவை மெழுகில் அமிழ்த்திக் கட்டையாக்குகிறார்கள். இதுவே 'பிளாக்'. மைக்ரோடோம் என்னும் சீவல் கருவியில் அதை மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் பரப்புகிறார்கள். இதுவே 'ஸ்லைடு'. பிறகு இரண்டு சாயங்கள். ஹீமட்டாக்சிலின் மத்திய அமெரிக்க மரமொன்றின் வயிரத்திலிருந்து கிடைப்பது, உட்கருவை நீலமாக்கும். ஈயோசின் செல்லின் மற்றப் பகுதியை ரோஜா நிறமாக்கும். நூறாண்டுக்கு மேலாக நோயியலின் முதுகெலும்பு இந்த இரண்டு நிறங்கள்தாம். தேர்ந்த கண்ணுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு இம்யூனோ சாயம் தேவை. ஆய்வகத்தில் ஐ.எச்.சி. என்பார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டும் எதிர்ப்பொருளைத் திசுவின்மேல் ஊற்றினால், அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். அது செல்லின் எந்த மூலையில் தெரிகிறது என்பதும் விடையின் ஒரு பகுதி. உட்கருவிலா, செல்லின் ஓரச் சவ்விலா, உட்கருவை ஒட்டிய ஒரு புள்ளியிலா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாயத்துக்கும் தனிச் செலவு உண்டு. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதில்தான் மருத்துவரின் திறமை தெரியும். பத்துச் சாயங்களைக் கண்மூடிப் போடுவதைவிட, முதல் இரண்டு நிறங்களை நன்றாகப் பார்த்துவிட்டு நான்கைத் தேர்ந்து போடுவது நோயாளிக்கும் நல்லது, சிறு துணுக்கையும் மிச்சப்படுத்தும்.

போலிக்காம்புக் கட்டி

மூன்று வகைச் செல்களில் எதன் சாயலிலும் அடங்காத கட்டி என்று மேலே சொன்னது இதைத்தான்; மருத்துவர்கள் எஸ்.பி.என். என்று எழுதும் சாலிட் சூடோபேப்பிலரி நியோபிளாசம் இது. கணையக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே இந்த வகை. வருபவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெண்கள். அவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள், சராசரி வயது முப்பதுக்குள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வர்ஜீனியா பிரான்ட்ஸ் 1959இல் வெளியிட்ட கணையக் கட்டிகள் பற்றிய நூலில் இதை முதலில் விவரித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஆளுக்கொரு பெயரால் வழங்கி, 1996இல் உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டில்தான் ஒரு பெயரில் நிலைபெற்றது.

இந்தக் கட்டியின் கதை ஏறக்குறைய ஒரேமாதிரி இருக்கும். இருபதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு மேல்வயிற்றில் கனம். சில நேரம் வலியே இருக்காது. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் கட்டி தட்டுப்படும். எட்டு, பத்து செ.மீ. வரை வளர்ந்திருக்கும். கணையத்தின் தலையில் இருந்தாலும் மஞ்சள்காமாலை வருவது அரிது. ஸ்கேன் அறிக்கையில் 'கணையத்தில் பெரிய கட்டி' என்ற வரியைப் படித்ததும் வீடு இடிந்துபோகிறது. கணையத்தில் புற்று என்றால் முடிந்தது என்ற செய்தியைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு நிற்கிறது. வேறு மருத்துவம் தேடிப் போகிறார்கள். அறுவையே வேண்டாம் என்று திரும்புவோரும் உண்டு. உண்மையில் இந்தக் கட்டியை முழுதாக அகற்றினால் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் 95 விழுக்காட்டுக்கு மேல். கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவுவது பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினருக்குத்தான். பரவிய பின்னும் பல ஆண்டு வாழ்கிறார்கள். கணையக் கட்டிகளில் இவ்வளவு நம்பிக்கை தரும் விடை அரிது. இதற்கு நாளப் புற்றின் பெயரை வைத்துவிட்டால், அந்தப் பெண் தேவையற்ற மருந்தையும் தேவையற்ற மரண பயத்தையும் சுமக்க நேரும்.

ஸ்லைடில் இதை அடையாளம் காண்பது எப்படி? பருத்தி மாரைப் பிடுங்கிய கரிசல்காட்டுக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. செடியைப் பிடுங்கி உதறினால் மண்ணெல்லாம் உதிர்ந்துபோய், வேரைச் சுற்றி மட்டும் ஒரு பூச்சு மண் ஒட்டியிருக்கும். இந்தக் கட்டியின் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் திறனை இழந்தவை. ரத்தநாளத்துக்குத் தொலைவில் இருப்பவை உதிர்ந்து அழிய, நாளத்தை ஒட்டியவை மட்டும் அதைச் சூழ்ந்து நிற்கும். பார்வைக்கு அது காம்பில் பூத்த பூங்கொத்துபோல இருக்கும். ஆனால் அது உண்மையான காம்பு அல்ல, உதிர்வின் மிச்சம். 'போலிக்காம்பு' என்ற பெயர் அதனால்தான். உதிர்ந்த இடத்தில் ரத்தம் கசிந்து தேங்குவதால், வெட்டிப் பார்க்கும்போது கட்டியின் ஒரு பாதி திடமாகவும் மறுபாதி குருதி நிறைந்த பையாகவும் இருக்கும். பழைய ரத்தம் சிதைந்த இடத்தில் கொழுப்பை விழுங்கிய நுரைத்த செல்களும், கொலஸ்டிரால் கரைந்துபோன ஊசிக் கீறல்களும் தென்படும்.

செல்கள் ஒரே அளவில், அமைதியாக இருக்கும். உட்கருவில் காப்பிக்கொட்டையின் நடுக்கீறலைப்போல ஒரு கோடு ஓடும். சில இடங்களில் ரோஜா நிறக் கண்ணாடி மணிகள்போல உருண்டைகள் தெரியும். செல் பிரிவது மிகக் குறைவு.

இதன் மூலத்தில் இருப்பது ஒரு மரபணுப் பிழை. பீட்டா-கேட்டினின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் ஏற்படும் மாற்றத்தால், அந்தப் புரதம் அழிக்கப்படாமல் தேங்கி உட்கருவுக்குள் புகுந்துவிடுகிறது. வழக்கமாகச் செல்லின் ஓரத்தில் நின்று அடுத்த செல்லோடு கைகோத்துக்கொள்ளும் புரதம் அது. இம்யூனோ சாயத்தில் பழுப்பு நிறம் ஓரத்தை விட்டு உட்கருவில் அப்பியிருந்தால் விடை பெரும்பாலும் உறுதி. செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேடரின் சவ்வில் இருந்து காணாமற்போயிருக்கும். சி.டி.10, புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆகியவையும் தெரியும். சி.டி.99 உட்கருவை ஒட்டி ஒரே ஒரு புள்ளியாகத் தோன்றும்.

பொறி எங்கே இருக்கிறது என்றால், சைனாப்டோபைசின் என்னும் சாயத்தில். அது நரம்பு நாளமில் கட்டியின் அடையாளம் என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். போலிக்காம்புக் கட்டியிலும் அது ஓரளவு பழுப்பாகும். அது ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நாளமில் கட்டி என்று எழுதினால் பெயர் தவறிவிடும். நாளமில் கட்டியின் இன்னோர் அடையாளமான குரோமோகிரானின் பெரும்பாலும் தெரியாமல் இருப்பதும், பீட்டா-கேட்டினின் உட்கருவில் இருப்பதும் அந்தத் தவறிலிருந்து காப்பவை. எனவே செலவுக்கு வழியின்றி ஒரே ஒரு சாயம்தான் போட முடியும் என்றால், இளம்பெண்ணின் கணையக் கட்டிக்கு அது பீட்டா-கேட்டினினாக இருக்கட்டும்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்ததால் வந்ததா, மருந்து வாடையால் வந்ததா என்று இந்த வட்டாரத்தில் பெண்கள் கேட்பது இயல்பு. கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் தீப்பெட்டித் தொழிலில் உழைப்பவர்களில் பெண்களே மிகுதி. இந்தக் கட்டிக்கு எந்தத் தொழிலும், எந்த உணவும், எந்தப் பழக்கமும் காரணமென்று நிறுவப்படவில்லை. பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதும் வழக்கமல்ல. வந்தவர் மேல் பழி சொல்ல இடமே இல்லை.

நரம்பு நாளமில் கட்டிகள்

திட்டுச் செல்களின் சாயலில் இருப்பவை இவை. மருத்துவர்கள் 'நெட்' என்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தை உருவாக்கிய ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டது இந்த வகைதான். அவர் 2011 வரை வாழ்ந்தார். நாளப் புற்றில் அத்தனை ஆண்டுகள் கிடைப்பது அரிது.

இவற்றுள் இன்சுலினைக் கொட்டும் இன்சுலினோமா தனிக்கவனம் பெற வேண்டியது. பெரும்பாலும் இரண்டு செ.மீ.க்கும் சிறிய கட்டி. ஆனால் அது ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இழுத்துவிடும். விடியற்காலையில், வெறும் வயிற்றில், காட்டுவேலையின் நடுவில் வேர்த்து, உளறி, மயங்கி விழுவார்கள். வெகுநாள் காக்காய் வலிப்பு என்றோ மனநோய் என்றோ மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. பேய் பிடித்ததாகக் கோடாங்கியிடம் போனவர்களும் இருப்பார்கள். ஒரு வாய் வெல்லமோ, இரண்டு கடலைமிட்டாயோ தின்றதும் தெளிந்து எழுந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அறிகுறி தோன்றுதல், அந்த நேரத்தில் சர்க்கரை குறைந்திருத்தல், இனிப்பு கொடுத்ததும் தெளிதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் விதியை அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் வகுத்தார். இத்தகைய கட்டி 1927இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இனங்காணப்பட்டது. 1929இல் டொரொன்டோவில் ராஸ்கோ கிரகாம் அதை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட அதே ஊரில், பத்தாண்டுக்குள் நடந்தது அது.

நுண்ணோக்கியின் கீழ் இக்கட்டியின் செல்கள் கூடுகளாகவும், நாடாபோல வளைந்தோடும் வரிசைகளாகவும் அமைந்திருக்கும். உட்கரு வட்டமாக, உப்பும் மிளகும் தூவினாற்போன்ற புள்ளிகளோடு இருக்கும். சைனாப்டோபைசினும் குரோமோகிரானினும் பழுப்பாகும். பெயர் வைத்ததோடு வேலை முடியாது, தரம் சொல்ல வேண்டும். கே.ஐ.-67 என்ற சாயம் பிரிந்துகொண்டிருக்கும் செல்களைக் காட்டும். மிக நெருக்கமாகத் தெரியும் இடத்தில் 500 செல்களையாவது எண்ணி, அவற்றில் எத்தனை விழுக்காடு பழுப்பு என்று கணக்கிடுகிறார்கள். 3க்குக் கீழ் முதல் தரம்; 3 முதல் 20 வரை இரண்டாம் தரம்; 20க்கு மேல் மூன்றாம் தரம். மூன்றாம் தரக் கட்டியும், செல்கள் முற்றிலும் கெட்டுப்போன நாளமில் புற்றும் வேறு வேறு என்பதை 2017இன் வகைப்பாடு தெளிவாக்கியது. இரண்டுக்கும் மருந்து வேறு.

கண்மதிப்பாக 'சுமார் ஐந்து' என்று எழுதுவது இந்தக் கணக்கில் உதவாது. ஒரு படத்தை அச்சிட்டு, பேனாவால் புள்ளி வைத்து எண்ணுவதே இன்றும் நம்பகமான வழி. அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் ஒருவர் மாதாந்திர ஊசியோடு வேலைக்குப் போவாரா, கீமோவுக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

நொதிச் செல் புற்றும் குழந்தைக் கட்டியும்

நொதிச் செல்களின் சாயலில் வரும் புற்று பெரியவர்களின் கணையக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. செல்கள் சிறு வளையங்களாகவும் அடர்ந்த பாளங்களாகவும் இருக்கும். ஒவ்வொரு உட்கருவின் நடுவிலும் பெரிய பொட்டுபோல ஒரு நுண்கரு பளிச்சென்று தெரியும். டிரிப்சின், பி.சி.எல்.10 ஆகிய சாயங்கள் விடையை உறுதிசெய்யும். சிலருக்கு இந்தக் கட்டி கொழுப்பைக் கரைக்கும் லைப்பேசை ரத்தத்தில் கொட்டுவதால், காலில் தோலுக்கடியில் வலிக்கும் முடிச்சுகளும் மூட்டுவலியும் வரும். தோல் மருத்துவரிடமோ மூட்டு மருத்துவரிடமோ நோயாளி முதலில் போவது அதனால்தான்.

கணையக் கருநிலைக் கட்டி பெரும்பாலும் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ரத்தத்தில் ஆல்பா பீட்டோபுரோட்டீன் கூடியிருக்கும். நொதிச் செல்களின் நடுவே, பாய்முடைந்தாற்போன்ற தட்டைச் செல்களின் சிறு கூட்டங்கள் தெரிந்தால் அதுவே இதன் முத்திரை. துணுக்கு சிறியதாக இருந்து அந்தக் கூட்டம் சிக்காமற்போனால் விடை தவறிவிடும்.

புற்றுபோலத் தோன்றுபவை

நம் நாட்டில் கணையத்தில் கட்டி என்றதும் காசநோயை மறக்கவே கூடாது. கணையத்தில் காசநோய் ஸ்கேனில் அப்படியே புற்றுபோல இருக்கும். ஸ்லைடில் பாலாடைபோல அழிந்த திசுவும், அதைச் சூழ்ந்த வீக்கச் செல் திரட்டுகளும் தெரியும். கிருமிக்கான சாயமும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனையும் அதை உறுதிசெய்தால் ஆறு மாதத்துக்கு மேலான மாத்திரையிலேயே குணமாகிவிடும். கணையத்தைப் பறிகொடுக்க வேண்டியதில்லை. ஊசியில் எடுத்த திசுவில் சிறு பகுதியைப் பார்மலினில் போடாமல் கிருமிச் சோதனைக்கென்று தனியே அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டபின் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

கணைய வாலுக்குள் பிறவியிலேயே புதைந்திருக்கும் துணை மண்ணீரல் இன்னொரு மயக்கம். நாளமில் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்தபின், உள்ளே இருந்தது சாதாரண மண்ணீரல் திசு என்று தெரியவந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பலர். சி.டி.8 சாயம் மண்ணீரல் நாளங்களைக் காட்டிக்கொடுக்கும். பல ஆண்டுக்கு முன் சிறுநீரகத்தை அகற்றியவருக்குக் கணையத்தில் தெளிந்த செல்கள் கொண்ட கட்டி வந்தால், அது பழைய சிறுநீரகப் புற்றின் வரவாக இருக்கலாம். பத்தாண்டு கடந்தும் வரும். இந்தச் செய்தி அனுப்பும் படிவத்தில் இல்லாவிட்டால் நோயியல் மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்? 'கணையக் கட்டி, தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். வயது, அறிகுறி, ஸ்கேன் விவரம், பழைய அறுவை, சர்க்கரை அளவு ஆகிய ஐந்தையும் எழுதினால் போதும்.

கல் கணையம்

தென்னிந்தியாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இளவயதிலேயே கணைய நாளத்தில் கற்கள் சேர்ந்து, சர்க்கரை நோயில் முடியும் வெப்பமண்டலக் கணைய அழற்சி அது. மது குடிக்காதவர்களுக்கும் வருவது. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். மரவள்ளிக் கிழங்கே காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. மரவள்ளி உண்ணாத ஊர்களிலும் நோய் இருப்பதும், எஸ்.பி.ஐ.என்.கே.1 மரபணுவின் மாற்றங்கள் பல நோயாளிகளில் காணப்பட்டதும் அந்தக் கருத்தைத் தளர்த்தின.

சென்னையில் இந்நோய் கொண்ட 185 பேரைத் தொடர்ந்து கவனித்து, சாரி, மோகன், பிச்சுமணி, விசுவநாதன், மதனகோபாலன் உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றால் இறந்தது தெரியவந்தது. பொதுமக்களோடு ஒப்பிட இது சுமார் நூறு மடங்கு அபாயம். இவர்களுக்கு வருவது பெரும்பாலும் நாளப் புற்றுதான். அதனால் அரிய கட்டிகளின் பட்டியலில் இது சேராது. ஆனால் நாட்பட்ட அழற்சியால் தழும்பேறிய கணையத்தில், வீங்கிய நாளம் எது, புற்று நாளம் எது என்று பிரிப்பது நோயியலிலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அழற்சியில் நாளங்கள் சிதைந்தாலும் மடல்களின் ஒழுங்கு ஓரளவு மிஞ்சும். நாளம் இருக்கக் கூடாத இடத்தில், நரம்பைச் சுற்றியோ தடித்த தமனியை ஒட்டியோ நாளம் தெரிந்தால் அது புற்று. கல் கணையம் உள்ளவருக்கு வலியின் தன்மை மாறினாலோ, திடீரென்று எடை இறங்கினாலோ, காமாலை வந்தாலோ, பழைய நோய்தான் என்று இருந்துவிடாமல் புதிதாகப் படம் எடுக்க வேண்டும்.

பிளாக்கும் ஸ்லைடும்

அரிய கட்டி என்று அறிக்கை வந்தால் இன்னொரு நிபுணரிடம் காட்டுவது வழக்கமான, மதிப்புக்குரிய நடைமுறை. முதலில் பார்த்த மருத்துவர்கள் பலரும் தாங்களே அதைச் சொல்வார்கள். ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் கருநிலைக் கட்டி ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்; அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நாடெங்கிலுமிருந்து வருவதால் பார்த்த கண்கள் அங்கே அதிகம். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு நிறுவனத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ரயிலேறிப் போகிறவர்கள் பலர் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகிறார்கள். தாளை வைத்துக்கொண்டு மறுபார்வை செய்ய முடியாது. பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு, மறுபடி செலவு.

மருத்துவ ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற ஒழுங்குமுறை சொல்கிறது. பிளாக்கைக் கேட்டு வாங்கும்போது அறிக்கை எண்ணும், பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு உருகும், பேருந்தின் முன்கண்ணாடி வெயிலிலோ, நிறுத்திய காருக்குள்ளோ வைக்கக் கூடாது. வீட்டில் பீரோவில், தாளில் சுற்றி, நிழலில் வைத்தால் பல ஆண்டு கெடாது. பத்தாண்டு கழித்துப் புதிய சோதனை வந்தாலும் அதே பிளாக்கில் செய்யலாம்.

ஆகவே கோவில்பட்டியிலோ, விளாத்திகுளத்திலோ, கயத்தாற்றிலோ உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றுக் கட்டிக்குச் சதை எடுத்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சதை எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, பிளாக்கை எப்போது வாங்கிக்கொள்ளலாம். முடிவு வரும்வரை கட்டிக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து அறுவையை மறுத்துவிடாதீர்கள்.